வாசல் கதவைத்தான் பார்த்தேன்

“கையை எடுங்க சார். அது இன்னும் அடங்கல.”

“எது அடங்கல?”

“பீர்.”

“ஏன், கோபமா இருக்கா?”

“இப்பத்தானே ஊத்தினேன். நுரை தனியா, கறுப்பு பீர் தனியா பிரியணும். ரெண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் மிச்சத்த ஊத்தித் தருவேன்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“பேசுங்க. டப்ளின்ல அதுக்குத்தான் பீர் ஊத்தறதே.”

எம்ரிஸ் ப்ராசரும் நானும் முதன்முதலாகப் பேசியது இவ்வளவுதான். எண்பதாம் வருடம், வேல்ஸ் அணி இங்கே ரக்பி ஆட வந்த சமயம். ஊர் முழுக்க வேல்ஸ்காரர்கள் பாடிக்கொண்டு திரிந்தார்கள். இவர் மட்டும் தனியாக வந்தார். கழுத்தில் சிவப்பு மஃப்ளர். கோட்டில் பெரிய வெங்காயத்தாள் ஒன்றைக் குத்தியிருந்தார், அது அவர்கள் நாட்டுச் சின்னம். என் தங்கை கொரெட்டி அதைப் பார்த்துவிட்டு, “பாவம் மலாக்கி, சமையலுக்குக் காயும் கையோட கொண்டாந்திருக்கார். உள்ள கூட்டிட்டுப் போய் அடுப்பக் காட்டு,” என்றாள். அவர் காது வரைக்கும் சிவந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவராம். மனைவியை இழந்தவர். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவருக்கு வாத்தியார் என்று பெயர்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சார்ஜென்ட் ஷார்க்கி, எனக்கு அந்த மனிதர் மேல் எந்தக் காழ்ப்பும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். நீங்கள் எழுதும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஊருக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: என்ன அன்பான ஜனங்கள். அது பொய்யில்லை. வழி கேட்டவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அவர் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு திரும்புவோம். என் கடையில் முன்பின் தெரியாதவன் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்களும் இந்த மண்ணில் பிறந்தவர், உங்களுக்குத் தெரியும். குதிரையைப் பற்றி, பாதிரியாரைப் பற்றி, செத்துப்போனவர்களைப் பற்றி நாளெல்லாம் பேசுவோம். மனதில் இருப்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் மட்டும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் அது இன்னும் ஒரு படி அதிகம். டியர்னன் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தாமஸ் தெருச் சந்தில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறோம். காற்று வீசினால் பீர் ஆலையிலிருந்து வறுத்த பார்லி வாசனை வந்து திரைச்சீலையில்கூட ஏறிக்கொள்ளும். அம்மா சாகக் கிடந்தபோது தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கொரெட்டியின் கையை எடுத்து என் கையில் வைத்தாள், அவ்வளவுதான். நானாகப் புரிந்துகொண்டேன்.

கொரெட்டிக்கு அப்போது பதினேழு, எனக்கு முப்பத்துமூன்று. அவள் பிறந்தபோது அவளைத் துணியில் சுற்றி முதலில் என்னிடம்தான் கொடுத்தார்கள். நடை பழகினது என் விரலைப் பிடித்துக்கொண்டு. முதல் நற்கருணைக்குப் போட்டுப் போன வெள்ளை ஷூவுக்கு நான்தான் சுண்ணம் தடவினேன். எனக்கும் கட்டிக்கொள்வதாக ஒரு பெண் இருந்தாள், பிரீடா என்று பெயர், துணிக்கடையில் வேலை. காத்திருந்து பார்த்தாள். பிறகு ஒரு தபால்காரனைக் கட்டிக்கொண்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இருந்தது.

எழுபத்துமூன்றில் ரொட்டி வண்டிக்காரன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். கோல்மன். ரொட்டியை விட அவன் பேச்சு சூடாக இருக்கும். கொரெட்டி வழக்கத்தைவிட அரைமணி முன்னதாக எழுந்து, தலை வாரி, வாசலில் நிற்க ஆரம்பித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் வண்டி மட்டும் சந்து முனையில் நின்றது. அவன் இல்லை. எங்கள் ஊரில் ஒருவன் காணாமல் போனால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பீப்பாய் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் மாஸி, தினமும் அதே முக்காலியில் உட்காருகிறவர், கண்ணாடித் தம்ளரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, “கப்பல் ஏறிட்டான்டா. எல்லாரும் ஏறறதுதானே. என் தம்பி ஏறி முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் பல்லு தேய்ச்சிட்டு வரேன்னு சொன்னவன் வரல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது.

கொரெட்டி தபாலுக்குக் காத்திருந்தாள். மூன்று மாதம் கழித்து லிவர்பூலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையில் அடிபட்டிருப்பதால் நண்பனை விட்டு எழுதச் சொல்கிறேன், இங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், என்னை மறந்துவிடு என்று இருந்தது. கொரெட்டி அதை ஒரு தடவை படித்தாள், நாலாக மடித்தாள், ஜெபப் புத்தகத்தில் வைத்தாள். கோல்மனின் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவாள். கொரெட்டி அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுப்பாள். கிழவி அதை முத்தமிட்டுவிட்டுத் திருப்பித் தருவாள். பிள்ளை எங்கேயோ உயிரோடிருக்கிறான் என்று ஒரு தாய்க்குத் தெரிவது நல்லதுதானே.

அவன் போன அந்த இலையுதிர் காலத்தில்தான் நிலவறையில் கொஞ்சம் கொத்து வேலை பார்த்தேன். ஆற்று ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பின்பக்க வளைவு ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்தேன். கொத்து வேலை என் அப்பா கற்றுக் கொடுத்தது.

எம்ரிஸ் எண்பத்திரண்டில் மறுபடி வந்தார். எண்பத்துநாலில் வந்தபோது மாடி அறையில் ஒரு வாரம் தங்கினார். இடையில் கடிதங்கள். எண்பத்துநாலில் அவராகவே துணியை எடுத்துத் தம்ளர் துடைக்க ஆரம்பித்தார். மாஸி அவரைச் சீண்டுவார்.

“வாத்தியாரே, தம்ளரத் துடைக்கிறியா, பாடம் நடத்தறியா? அந்த வேகத்துல துடைச்சா அடுத்த மேட்ச் வந்துடும்.”

“அவசரம்னா உங்க சட்டையில துடைச்சுக்குங்க மாஸி. ஆனா அதுல தம்ளர் அழுக்காயிடும்.”

அப்படி எங்கள் கிழவரையே வாயடைக்க வைத்தார் என்றால் பாருங்கள். கொரெட்டி சிரித்துச் சிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது பதினோரு வருடம் கழித்து. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இந்த வருடம் மேட்ச் பிப்ரவரி பதினைந்து, சனிக்கிழமை. அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். புதுக் கோட்டு. வெள்ளிக்கிழமை மதியம் சமையலறையில் கொரெட்டி என் டையைச் சரி பண்ணிவிட்டாள். அவள் அதை ஒருநாளும் செய்ததில்லை.

“மலாக்கி, இன்னைக்கு எம்ரிஸ் உங்கிட்ட ஒண்ணு கேப்பார்.”

“என்ன?”

“அத நான் சொன்னா எப்படி? நாலு வருஷமா வாய்க்குள்ளயே வெச்சிருக்கார், பாவம். தன் வாயால உன் முகத்தப் பாத்துக் கேக்கணும்னு இருக்கார். கடைசி வரைக்கும் கேளு. நடுவுல மழையப் பத்திப் பேசாத.”

“நான் எப்ப பேசினேன்?”

“எப்பதான் பேசல.”

அன்று வேலண்டைன் நாள். அந்தப் புனிதரின் எலும்பு நம் ஊர்க் கோயில் ஒன்றில்தான் இருக்கிறது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே தலைமுடியைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டு நாலரை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை கடையை மூட வேண்டும் என்பது சட்டம். யார் வைத்த பெயரோ, அதற்குப் புனித நேரம் என்று பெயர். நாங்களும் மூடுவோம். உள்ளே இருக்கிறவர்களையும் சேர்த்து மூடுவோம். திரையை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கோயிலில் இருப்பதுபோல அடங்கின குரலில் பேசிக்கொண்டு குடிப்பார்கள். ஒரே ஒரு விதி. வாசல் கதவு தட்டப்பட்டால் அது போலீஸ். ஒருவரும் மூச்சு விடக்கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். தட்டுகிறவர் சலித்துப் போகும்வரை தம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம்கூட வரக்கூடாது.

அன்று உள்ளே நாலு பேர். மாஸி, கசாப்புக் கடை டோனல், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பிறகு மூலைத் தடுப்பறையில் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் திரையை இறக்கியதும் எம்ரிஸ் கல்லாப் பலகையருகே வந்து, “மலாக்கி, ஒரு நிமிஷம் தனியா பேசணும்,” என்றார்.

“கீழ வாங்க. எப்படியும் ஒரு பீப்பாய் மாத்தணும்.”

நான் நின்று பீர் ஊற்றும் இடத்துக்கு நேர் அடியில்தான் நிலவறை. காலடியில் இருக்கும் பலகைக் கதவைத் தூக்கினால் ஏணி. இருவரும் இறங்கினோம். மேலே பலகையை மூடினேன், குளிர் ஏறக்கூடாது என்று. அவர் புதுக் கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, ஒரு பீப்பாய்மேல் வைத்தார். எனக்கு உதவுவதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டினார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

“மலாக்கி, உங்க அம்மா இருந்திருந்தா அவங்ககிட்ட கேட்டிருப்பேன்,” என்று ஆரம்பித்தார்.

“சாயங்காலம் மழை வரும்போல இருக்கு,” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க இதத்தான் சொல்வீங்கன்னு கொரெட்டி சொன்னா.”

அப்படியானால் இருவரும் என்னைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மரப்பீப்பாய்க் காலத்தில் அப்பா பயன்படுத்தின மரச்சுத்தி ஒன்று ஆணியில் மாட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்தேன். பீப்பாய் மாற்றப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

“மலாக்கி, நான் கொரெட்டியோட…” என்றார்.

அந்த இடத்தில் அடித்தேன். நெற்றிக்குக் குறி வைத்தது, அவர் தலையைத் திருப்பியதால் தாடையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் விழவில்லை. கையை உயர்த்தி, வகுப்பில் பையனை நிறுத்தச் சொல்வதுபோல, உள்ளங்கையைக் காட்டினார். இரண்டாவது அடியில் தோள் இறங்கியது. மூன்றாவது அடி தலையின் பின்பக்கம். பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி சரிந்தார். வாயிலிருந்து இரண்டு மூன்று பற்கள் சட்டையில் விழுந்து கிடந்தன. முடிந்தது என்று நினைத்தேன்.

மேலிருந்து டோனல் பலகை இடுக்கு வழியாகக் கிசுகிசுத்தான். “முதலாளி, பீர் எடுக்கப் போனியா, பார்லி விதைக்கப் போனியா?”

மேலே ஏறினேன். பலகையை மூடி, அதன் மேல் நின்றேன். நான் எப்போதும் நிற்கும் இடமே அதுதான். கை கழுவினேன். சட்டைக் கை நுனியில் கொஞ்சம் ரத்தம் தெறித்திருந்தது, கையைச் சுருட்டிக்கொண்டேன். “வாத்தியார் எங்க?” என்று கேட்டார் மாஸி. “பின்பக்கமா போய்ட்டார்,” என்றேன். அந்த இருட்டில் யார் ஏறி வந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. மாஸிக்கு ஒரு பைன்ட் பீர் ஊற்றி, அடங்கட்டும் என்று வைத்தேன்.

அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று.

உள்ளங்காலில் அதை உணர்ந்தேன், சார்ஜென்ட். ஷூவின் அடித்தோலைத் தாண்டி வந்தது. மற்றவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வழியில்லை. திரை இறக்கிய இருட்டு அறை, பலகைத் தரை, பலகைச் சுவர். சத்தம் எல்லாப் பக்கமும் இருந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாசல் கதவைத்தான் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். டோனல் தம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பஸ் டிரைவருக்கு இருமல் வந்தது, விழுங்கினார். மூலைத் தடுப்பறையில் இருந்தவர்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்துபோனார். சீருடைச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, மேலதிகாரி கையில் அகப்பட்டால் வேலை போய்விடும் என்று வெளிறிப்போய், தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, எங்கள் நாலு பேரையும் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.

நீங்கள்தான்.

இதை நீங்கள் எழுத வேண்டாம். நானும் வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. உங்கள் பெண்டாட்டி பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் விரல் வைக்காவிட்டாலும் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் எம்ரிஸ் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன். தலைக்கு மேலே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தாடை உடைந்திருந்ததால் கத்த முடியவில்லை. தட்டினார். தட்டத் தட்ட மேலே இன்னும் அமைதியானது. அது ஏன் என்றும் அவருக்குப் புரிந்திருக்கும், ஏனென்றால் ஆறு வருடத்தில் புனித நேரத்தின் விதியை அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

மாஸியின் பைன்ட் அடங்கிவிட்டது. மிச்சத்தை ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நாலு தடவை தட்டினார். கடைசித் தடவை இரண்டுதான். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை.

மூன்றரைக்குத் திரையை ஏற்றினேன். “நல்ல பொறுமைசாலிடா அந்த இன்ஸ்பெக்டர்,” என்றார் மாஸி. நீங்கள் என் முதுகில் தட்டிவிட்டு, பின்வாசல் வழியாகப் போனீர்கள். நாலு மணிக்குக் கடையில் யாரும் இல்லாதபோது கீழே இறங்கினேன். அவர் ஏணியின் மூன்றாவது படியில் தொங்கினாற்போல இருந்தார். விரல் மூட்டுகளில் தோல் இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். அந்த வாயோடு என்ன சொல்ல முடியும். அவர் கேட்க வந்தது எனக்குத் தெரியும், அதனால் மறுபடி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தமுறை சுத்தி தேவைப்படவில்லை. அவருடைய சிவப்பு மஃப்ளரே போதும். நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. அவர் கை கொஞ்ச நேரம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மாடி அறைக்குப் போய் அவர் பையை எடுத்து வந்து கீழே வைத்தேன். கொரெட்டி நாலரைக்கு வந்தாள். தலை அலங்காரம் மிகவும் அழகாக இருந்தது.

“எங்க அவர்?”

“போய்ட்டார்.”

“எங்க?”

“கீழ வந்தார். பேச ஆரம்பிச்சார். முடிக்கல. பையை எடுத்துக்கிட்டார்.”

“கேட்டாரா?”

“கேக்கல.”

இது அத்தனையும் கிட்டத்தட்ட உண்மை. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாஸியின் முக்காலியில் உட்கார்ந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. மெல்ல, ஒவ்வொன்றாக, தலையிலிருந்த ஊசிகளை எடுத்துப் பலகையில் வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பதின்மூன்று வருடத்துக்கு முன்னாலும் அப்படித்தான் பக்கத்தில் நின்றேன். இந்த உலகத்தில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

மறுநாள் ஊரெல்லாம் மேட்ச் பார்க்கப் போயிருந்தபோது, கீழே இன்னொரு வளைவை அடைத்தேன். “என்ன சத்தம்?” என்று மேலிருந்து கேட்டாள். “ஈரம்,” என்றேன்.

மார்ச் மாதம் நீங்கள் வந்தீர்கள். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து விசாரித்துக் கடிதம் வந்ததாகச் சொன்னீர்கள். “கப்பல் ஏறிப் போனார், அதுக்கப்புறம் தெரியாது,” என்றேன். அதையே எழுதிக்கொண்டு, ஒரு பைன்ட் குடித்துவிட்டுப் போனீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இந்த விஷயம் அப்படியே இருந்திருக்கும், மாஸி மட்டும் இல்லாவிட்டால். போன வியாழக்கிழமை, அதே புனித நேரம். நிஜமாகவே வாசல் கதவு தட்டப்பட்டது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர். எல்லோரும் அடங்கினோம். அன்று கொரெட்டியும் உள்ளே இருந்தாள், தம்ளர் துடைத்துக்கொண்டு. தட்டுவது நின்று காலடிச் சத்தம் விலகியதும் மாஸி சொன்னார்:

“இது கதவு.”

“பின்ன என்ன ஜன்னலா?” என்றான் டோனல்.

“அதச் சொல்லல. மேட்சுக்கு முந்தின நாள் கேட்டமே, அது கதவு இல்லடா. நாப்பது வருஷம் பீப்பாயத் தட்டிப் பாத்தவன் நான். பின்னால தெரு இருக்கற பலகை ஒரு மாதிரி கேக்கும். அடியில காலியா இருக்கற பலகை வேற மாதிரி கேக்கும். அன்னைக்குக் கேட்டது அடியில காலி.”

“நேத்து நான் மூணு தடவை கூப்ட்டேன், உனக்குக் காது கேக்கல.”

“மனுஷன் பேசினாத்தான் கேக்காது. மரம் நல்லாக் கேக்கும்.”

டோனல் சிரித்தான். கொரெட்டி சிரிக்கவில்லை. துணியைத் தம்ளருக்குள் விட்டபடி அப்படியே நின்றாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.

“மலாக்கி, நகரு.”

நகர்ந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நெடுநேரம் வரவில்லை. ஏறி வந்தபோது உள்ளங்கை முழுக்கச் செங்கல் தூள். பலகைக் கதவின் அடிப்பக்கத்தில் என்ன பார்த்தாள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவ எனக்குத் தோன்றவே இல்லை.

“ரெண்டு இருக்கு,” என்றாள்.

“என்ன ரெண்டும்மா?” என்றார் மாஸி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. “லிவர்பூல் கடுதாசி?” என்று என்னைக் கேட்டாள்.

“நான் எழுதினது.”

“நீ எப்ப லிவர்பூல் போன?”

“கால்பந்து பாக்கப் போறேன்னு போனேனே ஒரு நாள். உனக்குத் தொப்பி வாங்கிட்டு வந்தேன்.”

“பச்சைத் தொப்பி.”

“ஆமா.”

பத்துக் குளிர்காலம் அதைத்தான் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது மிகவும் பொருத்தமாக இருக்கும். கோல்மனுக்கு இவ்வளவு நேரம் பிடிக்கவில்லை, சார்ஜென்ட். அவன் ரொட்டிக் கூடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

கொரெட்டி திரைகளை எல்லாம் ஏற்றினாள். புனித நேரத்தின் நடுவில், வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். வெயில் உள்ளே வந்தது. ஏப்ரனோடு அப்படியே நடந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். நான் பின்னால் ஓடவில்லை. தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தேன்.

காலையில் நீங்கள் ஒரு உறையைப் படித்துக் காட்டினீர்கள். எம்ரிஸ் மடித்து வைத்த கோட்டுப் பையில் இருந்தது, மேட்ச் டிக்கெட் வந்த உறை. பின்பக்கம் அவர் எழுதிப் பார்த்து வைத்திருந்தார். வாத்தியார் அல்லவா, தயார் பண்ணாமல் பேச மாட்டார். ‘மலாக்கி, நான் கொரெட்டியோடு இங்கேயே, உங்கள் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா? எனக்கு அங்கே யாரும் இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுகிறேன். அவளை உங்களிடமிருந்து பிரிக்க எனக்கு மனமில்லை.’

நல்ல கையெழுத்து.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களோ தெரியாது. அவர் அந்த ‘இங்கேயே’ என்பதை முதலில் வைத்து எழுதியிருக்கலாம். அவர் முடிக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு பைன்ட் அடங்குவதற்கு எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதை மறக்கவில்லை.

ஆனால் ஒன்று. இரண்டையும் நான் செய்தது கொரெட்டிக்காக. கப்பல் ஏறிப் போனவர்கள் யாரும் இந்த ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. அங்கே போய் அவள் என்ன செய்வாள், யாரைத் தெரியும் அவளுக்கு. எனக்காக நான் வாழ்க்கையில் எதையும் செய்துகொண்டதில்லை. எதையும் யாரிடமும் கேட்டதுமில்லை. எழுதிவிட்டீர்களா? படித்துக் காட்ட வேண்டாம், நம்புகிறேன். எங்கே கையெழுத்து?

அடுத்த அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. அவள்தான். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. சாயங்காலக் கப்பலில் எம்ரிஸின் சவப்பெட்டியோடு வேல்ஸுக்குப் போகிறாள் என்று சொன்னீர்கள். அவருடைய மண்ணில் அவரை அடக்கம் செய்யப் போகிறாள். திரும்பி வருவாளா என்று நான் கேட்டேன், நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, மழை பிடிக்கும்போல இருக்கிறது என்றீர்கள்.

கதவைக் கொஞ்சம் திறங்கள் சார்ஜென்ட். ஓடமாட்டேன். அவள் நடை எனக்குத் தெரியும், நடை பழக்கினவன் நான். வருகிறாள். அதோ, பச்சைத் தொப்பி இல்லாமல்.

அம்மா என் கையில் அவள் கையை வைத்த அன்றே அவளிடம் ஒன்று கேட்டிருக்க வேண்டும். ரொட்டி வண்டி வந்து நின்ற காலைகளில் கேட்டிருக்கலாம். அவள் என் டையைச் சரி பண்ணின மதியத்தில்கூடக் கேட்டிருக்கலாம். இவ்வளவு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

“கொரெட்டி. போகாத. எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு.”